துரை மேல் கொடுத்த மனு

பகலில் தூங்குகிறவனுக்கு நம் ஊரில் மரியாதை கிடையாது. இரவில் தூங்குகிறவனை யாராவது எழுப்பிவிட்டால், எழுப்பியவனுக்குத்தான் திட்டு விழும். பகலில் தூங்குகிறவனை எழுப்பியவனோ ஏதோ புண்ணியம் செய்துவிட்டதைப் போலக் கட்டிலருகே நின்றுகொண்டு, "என்ன, மேலுக்குச் சொகமில்லையா?" என்று விசாரிப்பான். இல்லை, நைட் ஷிப்ட் என்று சொன்னால், "அதுக்காக இந்நேரம் வரைக்குமா?" என்பான். (இந்நேரம் என்பது காலை ஒன்பது மணி. நான் படுத்ததே எட்டரைக்கு.)

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் அது. பகல் ஷிப்டில் பெண்கள், இரவில் ஆண்கள் என்பது அங்கே எழுதாத சட்டம். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாகாதவனுக்கு எந்த ஷிப்ட் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இரவெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெட்ராஸையும் கோயம்புத்தூரையும் கூப்பிட்டுவிட்டு, விடிந்ததும் சைக்கிளை மிதித்துக் கோச்சடைக்கு வந்து, நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் படுப்பேன். படுப்பேன் என்றுதான் சொன்னேன். தூங்குவேன் என்று சொல்லவில்லை.

காரணம், துரை.

துரை என்பது பக்கத்து வீட்டு நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். அதை வளர்த்தவர் பரமசிவம் அண்ணே, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் விசில் அவரிடமே தங்கிவிட்டது. அதை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். மனைவி இல்லை, மகன்கள் வடக்கே எங்கேயோ வேலையில் இருந்தார்கள். ஆளுக்குப் பேச்சுத்துணை அந்த நாய்தான். எங்களை எல்லாம் வா போ என்று பேசுகிறவர் நாயை மட்டும், "வாங்க துரை, சாப்பிட வாங்க" என்பார்.

ஓய்வு பெற்ற மனிதர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நாய்க்கு விசில் பழக்கினார். ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் அடித்தால் போகலாம். பஸ்ஸுக்கு என்ன சட்டமோ அதே சட்டம் துரைக்கும். ஒரு விசிலுக்குக் குரைப்பை நிறுத்தும், இரண்டு விசிலுக்குக் குரைக்கத் தொடங்கும். தெருவே வந்து வேடிக்கை பார்த்துப் பாராட்டியது. நானும் பாராட்டினேன் (அப்போது எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. வாடகை வீட்டுக்கு வந்த புதிதில் யாரைத்தான் பாராட்ட மாட்டோம்).

எங்கள் தெருமுனையில்தான் டவுன் பஸ் நிறுத்தம். அதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பஸ் வந்து நிற்கும்போது ஒரு விசில். ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது இரண்டு விசில். இரண்டு விசில் கேட்டதும் துரை குரைக்கத் தொடங்கும். அடுத்த பஸ் வந்து ஒரு விசில் அடிக்கும்வரை விடாது குரைக்கும். இடையில் பரமசிவம் அண்ணே பொறுக்கமாட்டாமல் வெளியே வந்து ஒரு விசில் அடித்து நிறுத்துவார். அந்த விசில் நாயின் குரைப்பைவிடப் பெரிய சத்தம். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். திரும்பச் சாய்ந்து கண் செருகும் வேளையில் தெருமுனையில் அடுத்த பஸ் கிளம்பும்.

இதோடு கோலமாவுக்காரர், உப்புக்காரர், அம்மி கொத்துகிறவர், பழைய பேப்பர்காரர் எல்லோருக்கும் துரை தனித்தனியாக மரியாதை செய்யும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். தலையணையைத் தலைக்கு மேலே வைத்துப் பார்த்தேன். என் மனைவி சரோஜா, பால்குடி மறக்காத மகள் தேன்மொழியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

"பச்சப்புள்ள தூங்குது. நீங்க முழிச்சுக் கெடக்கீங்க."

"புள்ளைக்கு என்ன, ராத்திரி டூட்டியா?"

"ராத்திரி பூராம் என்னையத் தூங்கவிடாம அவ டூட்டிதான் பாக்குறா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்த வீட்டில் தூக்கம் யாருக்கும் மிச்சமில்லை என்பதால் அதற்குமேல் நான் வழக்காடுவதில்லை.

இப்படியே நாட்கள் ஓடின. ஒருநாள் விடியும் வேளையில் எக்ஸ்சேஞ்சில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். காதில் யாரோ "ஹலோ ஹலோ ஹலோ" என்று கத்தியபடி இருந்தார்கள். அரைத் தூக்கத்தில் அது எனக்கு எப்படிக் கேட்டது என்று சொல்லவேண்டியதில்லை. "ச்சீ! கம்முன்னு கெட!" என்று அதட்டிவிட்டுத் திரும்பவும் சாய்ந்தேன். மறுமுனையில் இருந்தவர் பெரிய அதிகாரி. அவ்வளவு பெரிய அதிகாரியை அவர் வாழ்நாளில் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் சூப்பர்வைசர் ரோஸ்லின் மேடம் மெமோவைக் கையில் கொடுத்தார். குரலை உயர்த்தாத மனுஷி. அதுதான் பயம்.

"முத்தையா, இது முத மெமோ. இன்னொண்ணு வந்துச்சுன்னா நிரந்தரம் ஆகுறத மறந்துருங்க. வீட்டுல போயி நல்லாத் தூங்கிட்டு வாங்க."

தூங்கிட்டு வாங்க என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! கையில் குழந்தை, வாடகை வீடு, நிரந்தரமாகாத வேலை. இந்த மூன்றும் ஒரு நாயின் வாயில் இருந்தன.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு மேசையில் கன்னத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைப் போலவே தூங்கி நாளானவர் என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஆறுதலாக இருந்தது.

"நாய் ராத்திரி கொலைக்குதா?"

"இல்லைங்க, பகல்ல."

"பகல்ல கொலைச்சா அது வேலை பாக்குதுன்னு அர்த்தம். ராத்திரி கொலைச்சாத்தான் இடைஞ்சல். நீங்க எதுக்குப் பகல்ல படுக்குறீங்க?"

சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"பகல் தூக்கத்துக்கெல்லாம் எங்ககிட்ட வழி இல்ல தம்பி. இருந்தா நானே மொதல்ல எழுதிக் குடுத்திருப்பேன். அதுக்கு லைசென்ஸ் இருக்கா? கழுத்துல வில்லை தொங்குதா? இல்லைன்னா சுகாதார ஆபீஸ்ல ஒரு மனுவப் போடுங்க. நாயி அவுக இலாகா."

நாயை வளர்ப்பதற்கு லைசென்ஸ் எடுத்துக் கழுத்தில் பித்தளை வில்லை கட்டவேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, ஒரு முழு வெள்ளைத்தாளில், 'மேற்படி நாயானது மேற்படி முகவரியில் இருந்துகொண்டு' என்று இலக்கணசுத்தமாக ஒரு மனு எழுதினேன். எழுதும்போதும் மேற்படி நாய் குரைத்துக்கொண்டுதான் இருந்தது. மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினால், வாசலில் பரமசிவம் அண்ணே நிற்கிறார்.

"எங்க தம்பி, தூங்காம இந்த வெயில்ல?"

எனக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "உங்க துரை மேல மனு குடுக்கப் போறேண்ணே" என்றேன்.

அவர் கோபப்படுவார், ஒரு சண்டை நடக்கும், சண்டை முடிந்ததும் அசந்து தூங்கலாம் என்றுகூட எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அவர் கையை நீட்டினார்.

"குடு இங்கிட்டு. நான் டவுனுக்குத்தான் போறேன். எனக்கு பஸ்ல பாஸ் இருக்கு, ஓசிதான். நீ எதுக்கு வெயில்ல மிதிச்சுக்கிட்டு? போயிப் படு."

"அண்ணே, இது உங்க நாய் மேல..."

"அதுனால என்ன? தப்புன்னா துரையும் பதில் சொல்லட்டும். அந்த ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. நீயாப் போனா இன்னைக்கு வா நாளைக்கு வான்னு இழுத்தடிப்பாய்ங்க."

தன் நாய்மேல் கொடுத்த புகாரைத் தானே கொண்டுபோய்ச் சேர்த்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சேர்த்ததோடு விட்டாரா? மாலையானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நிலவரம் சொல்வார். "தம்பி, ஒம் மனு அடுத்த மேசைக்கு நகர்ந்துருச்சு." "இன்னைக்கு ஆபீசர் கேம்ப்பு, நாளைக்கிப் பாக்குறேன்னுட்டாரு." "நீ கையெழுத்துக்குக் கீழ தேதி போடலைன்னாய்ங்க, நான்தான், 'நம்ம தம்பிதான், நான் பொறுப்பு'ன்னேன்." எதிராளி இப்படி ஓடியாடி வேலை பார்க்கும்போது நாம் எந்த முகத்தோடு அவரைப் பகைப்பது? பகைக்கவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் கிடந்தேன்.

போகிற போக்கில் அவர் துரைக்கு லைசென்ஸும் வாங்கிவிட்டார். பித்தளை வில்லையைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் கட்டினார். அது இரும்புக் கேட்டில் போய்ப் போய் உரசியது. என் மனுவின் முதல் பலனாக, துரை குரைக்காத நேரத்திலும் டங் டங் என்று சத்தம் வரத் தொடங்கியது.

இந்த நேரத்தில்தான் தேன்மொழிக்குக் காதுகுத்து வந்தது. காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் அது பெற்றவர்கள் வீட்டு விசேஷம் இல்லை, தாய்மாமன் விசேஷம். சரோஜாவின் தம்பி அழகர் மேலூரில் இருந்தான். அக்கா மகளை மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதற்காகவே பிறந்தவன்போல அவன் பல மாதங்களாகத் தயாராகிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"மாப்ள, என்ன வேணாலும் செய்யி. மைக் செட்டு மட்டும் வேணாம்யா. தெருவுல சத்தம்னு மனுக் குடுத்திருக்கேன்."

"என்ன மாமா நீங்க! மைக் செட்டு இல்லாம மாமன் சீர் கொண்டுவந்தா, யாரோ செத்துப்போனதுக்கு வந்த மாதிரில்ல இருக்கும்? ஊருக்குள்ள நான் எப்புடி நடமாடுறது?"

சரோஜா என்னைப் பார்த்த பார்வையில், பிறந்த வீட்டுக் கௌரவத்துக்கு முன்னால் என் தூக்கம் எம்மாத்திரம் என்பது விளங்கியது. சரி என்றேன். அந்தக் காலத்தில் நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் சொல்லவேண்டும், அதற்குத் தெம்பு வேண்டும்.

விசேஷத்தன்று விடியும்போதே வாசலில் பந்தல் போட்டு, நாலு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். வைகைக்கு அக்கரையில் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று ஒரு குழாயைப் பரமசிவம் அண்ணே வீட்டு மொட்டைமாடியில் ஏற்றினார்கள். "தாராளமாக் கட்டுங்கப்பா, நல்ல காரியம்" என்று அவரே ஏணி பிடித்தார். நையாண்டி மேளம், வேட்டு, தட்டுத்தட்டாகச் சீர் என்று அழகர் தெருவை அடைத்துக்கொண்டு வந்தான். முதல் வேட்டுச் சத்தத்துக்கே துரை சுவரேறிக் குதித்து எங்கள் வீட்டுக்குள் புகுந்து, என் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. நான் பார்த்தவரை முதன்முறையாக அதன் வாயிலிருந்து சத்தமே இல்லை.

ரோஸ்லின் மேடமும் வந்திருந்தார். நானேதான் அழைத்தேன், நல்ல பெயர் வாங்கலாம் என்று. முன்வரிசையில் மல்லிகைப்பூவோடு உட்கார்ந்திருந்தார்.

அப்போது கையில் பையோடு ஒருவர் வாசலில் வந்து தயங்கி நின்றார். அழகருக்குப் பை வைத்திருப்பவர் எல்லோரும் பெரிய மனிதர்கள். ஓடிப்போய் அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, கையைப் பிடித்து இழுத்துவந்து, முன்வரிசையில் மேடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். மைக் செட்காரர் விவரம் கேட்டுக்கொண்டு முழங்கினார்: "நமது விழாவுக்கு வருகை தந்திருக்கும் சுகாதார ஆய்வாளர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்!"

நான் மெல்லப் பந்தல்காலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பரமசிவம் அண்ணே என் காதருகே வந்து சிரித்தார்.

"நான்தான் இன்னைக்கு வரச் சொன்னேன் தம்பி. நீ லீவு போட்டு வீட்டுல இருப்ப, அவருக்கும் ஒரு கறிச்சோறு ஆச்சு. எப்புடி?"

இன்ஸ்பெக்டர் வெயிலில் வந்த களைப்போடு பையிலிருந்து என் மனுவை எடுத்தார். தலைக்கு மேலே குழாய் அலறியதில் அவர் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. கையால் காதைப் பொத்திக் காட்டினார். அழகர் பாட்டை நிறுத்தச் சொன்னான். பாட்டு நின்றது.

"சத்தம் தாங்க முடியலைன்னு மனுக் குடுத்தது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாலு குழாய்க்கும் நடுவில் நின்றுகொண்டு, "நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேலே குழாயைப் பார்த்தார். தன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"நாய் கொலைக்கிறத நான் என் காதால கேட்டு எழுதணும். நாய் எங்க?"

"அவுக இவரு கட்டிலுக்கு அடியிலதான் படுத்திருக்காக" என்றார் பரமசிவம் அண்ணே. விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். பதில் இல்லை. திண்டாட்டத்தோடு மறுபடியும் ஊதினார். என்னைவிட அவருக்குத்தான் அவமானமாக இருந்தது. ஜன்னல் வழியாகக் குனிந்து, "துரை, ஒரு தடவ பேசுங்க, ஆபீசர் வந்திருக்காரு" என்று கெஞ்சினார். துரை வாலைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. மேலூர் ஆட்கள் எல்லாம் ஜன்னலில் கூடி ஆளுக்கு ஒரு விதமாக ஆசைகாட்டிப் பார்த்தார்கள். கறித்துண்டுகூடப் போட்டார்கள். சத்தமில்லாமல் தின்றது.

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "சாதுவான நாய்னு எழுதிக்கவா?"

சாதுவான நாய்! இத்தனை நாள் தூங்காத தூக்கமெல்லாம் ஒன்றாகத் திரண்டு எனக்குத் தலைக்கேறியது. மெமோ கண்முன்னால் வந்தது. இவர் இப்படி எழுதிவிட்டுப் போனால், நான் இன்னொரு அதிகாரியைக் கம்முனு கிடக்கச் சொல்லப்போவது நிச்சயம்.

"சாதுவா? அது எப்படிக் கொலைக்கும் தெரியுமா சார்?" என்றேன். இரண்டு கையையும் நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து குரைத்தேன்.

சும்மா ஒப்புக்கு இல்லை. துரை பஸ்ஸுக்குக் குரைப்பது, உப்புக்காரருக்குக் குரைப்பது, காரணமே இல்லாமல் இழுத்து இழுத்துக் குரைப்பது என்று வகைவகையாகக் குரைத்தேன். கேட்டுக் கேட்டு அவ்வளவும் எனக்கு மனப்பாடம். நான் கையூன்றியிருந்த நாற்காலியில் மைக் செட்காரர் மைக்கை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருந்தார். நிறுத்தியது பாட்டைத்தான். மைக்கை யாரும் நிறுத்தவில்லை.

நாலு குழாயிலும் நான் குரைத்தேன். கோச்சடையிலிருந்த நாய்கள் அத்தனையும் எனக்குப் பதில் சொல்லின. ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் சில பதில்கள் வந்தன. அதோடு சேர்ந்து உள்ளே 'வீல்' என்று தேன்மொழி அலறினாள்.

பாட்டு நின்றிருக்கும்போதே காரியத்தை முடித்துவிடலாம் என்று ஆசாரி அழகரை உள்ளே இழுத்துப்போய், அவன் மடியில் உட்காரவைத்துக் குழந்தைக்குக் காது குத்திக்கொண்டிருந்திருக்கிறார். முதல் காது நல்லபடியாக முடிந்திருக்கிறது. இரண்டாவது காதில் மையால் புள்ளி வைத்து ஊசியை வைக்கும்போதுதான் அவர் தலைக்கு மேலே இருந்த குழாயில் நான் இழுத்துக் குரைத்தேன். ஆசாரியின் கை ஓர் இழுப்பு மேலே ஏறிவிட்டது.

"யார்யா அது, நாய மைக்குக்குக் கிட்ட விட்டது?" என்று ஆசாரி ஊசியோடு வெளியே வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த சரோஜா மட்டும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அதிகம் வலித்தது. காதில் ரத்தப்பொட்டோடு அழுத குழந்தையைப் பார்த்ததும் எனக்கு அப்படியே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தேன். அழுதேனா என்பது நினைவில்லை. தூங்கிவிட்டேன் என்று சொல்கிறார்கள். அத்தனை கூட்டத்தில், நாற்காலியில், வாயைத் திறந்துகொண்டு.

விழித்தபோது பந்தலில் பாதிப் பேர் போயிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, 'விசாரணையின்போது சத்தம் மனுதாரரிடமிருந்தே கேட்டது' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். ரோஸ்லின் மேடம் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"எத்தன நாளா முத்தையா இப்படி?" என்றார்.

"துரை டூட்டில சேந்ததுலருந்து மேடம்" என்று உளறினேன். அப்போதும் முழுசாக விழித்திருக்கவில்லை.

"நைட்டு வேணாம். திங்கக்கெழமலருந்து பகல்ல வாங்க. புகார் வாங்குற மேசைல ஒரு ஆள் தேவைப்படுது. புகார் குடுக்குறவுக கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும்."

அந்த நேரம் தெருமுனையில் டவுன் பஸ் கிளம்பியது. இரண்டு விசில். கட்டிலுக்கு அடியிலிருந்து துரை கணீரென்று குரைக்கத் தொடங்கியது. மேடம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சரியாத்தான் செஞ்சு காமிச்சிருக்கீங்க" என்றார்.

அடுத்த வருஷம் வேலை நிரந்தரமானது. பெண்கள் நிறைந்த பகல் ஷிப்டில் ஒற்றை ஆணாக உட்கார்ந்து, போன் வேலை செய்யவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்ன புகார்களை ஓய்வு பெறும்வரை கேட்டேன். யார் எவ்வளவு கத்தினாலும் 'கம்முன்னு கெட' என்று ஒருவரையும் சொன்னதில்லை. துரை அதுபாட்டுக்குப் பகலில் குரைத்தது, நான் என்பாட்டுக்கு இரவில் தூங்கினேன். பரமசிவம் அண்ணே மட்டும் கொஞ்ச காலம் வருத்தமாகவே இருந்தார், "நம்மாளு அன்னைக்கி ஒத்தாச பண்ணாமப் போயிட்டாகளே தம்பி" என்று.

தேன்மொழிக்கு வலது தோடு இடதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். போட்டோக்காரர்கள் எல்லோரும் அவளைத் தலையை நேராக வைக்கச் சொல்வார்கள், அவள் நேராகத்தான் வைத்திருப்பாள். அவள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனபோது கடைப்பெண், "ஒரு காது ஏறியிருக்கே, என்னாச்சு?" என்று கேட்டாள். "அதுவா, எங்கப்பா கொலைச்ச காது" என்றாள் இவள், ஏதோ எல்லா வீட்டிலும் அப்படி ஒரு காது இருப்பதைப் போல. ஓட்டையைத் தூர்த்துவிட்டு நேராகக் குத்திக்கொள்ளேன் என்று நான் கெஞ்சினேன். "போங்கப்பா, நம்ம வீட்டுல சோறு பொங்குனதே இந்தக் காதாலதான்" என்று சொல்லிவிட்டாள்.

போன தை மாதம் அவள் மகளுக்குக் காதுகுத்து. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார். கூட்டத்தில் ஒருவரும் குழந்தையைப் பார்க்கவில்லை, மொத்தப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலை நரைத்த அழகர் ஒரு முழு லட்டோடு வந்து, "மாமா, வாயத் தொறங்க" என்றான். திறந்தேன். இரண்டு காதும் குத்தி முடிக்கும்வரை எடுக்கவிடவில்லை.

பேத்திக்கு இரண்டு தோடும் சமமாக நிற்கின்றன. என் மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.